வலி அடங்கியது, புண் ஆறியதா?

மலத்தில் ரத்தம் கண்டால் நம் வீடுகளில் முதலில் சந்தேகப்படுவது மூலத்தைத்தான். உடம்புச் சூடு என்று மோரும் வெந்தயமும் கொடுப்பார்கள். மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்குவார்கள். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் சீதபேதி என்று சொல்லி ஐந்து நாள் மாத்திரை ஓடும். இப்படியே மாதங்கள் கழிந்து, எடை குறைந்து, ரத்தசோகையோடு குடல்நோய் மருத்துவரிடம் வந்து சேர்கிறவர்கள் ஏராளம். அவர்களில் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். படிப்பும் வேலையும் கல்யாணமும் கூடிவரும் வயது.

மூலத்தில் ரத்தம் பொதுவாக மலம் கழித்து முடிக்கும்போது சொட்டாக விழும், அல்லது மலத்தின் மேல் கோடாகத் தெரியும். பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைடிஸில் ரத்தமும் சளியும் மலத்தோடு கலந்தே வரும். அடக்க முடியாத அவசரம் இருக்கும், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். இந்தக் கடைசி அறிகுறியைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஐபிஎஸ் என்கிற குடல் தொல்லை பகலெல்லாம் ஆளைப் பாடாய்ப் படுத்தினாலும் பெரும்பாலும் நடு இரவில் எழுப்பாது, ரத்தம் வரவைக்காது. நான்கு வாரம் தாண்டியும் ரத்தப்போக்கு நிற்கவில்லையென்றால் மலப் பரிசோதனையில் கிருமித் தொற்று இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, கொலோனோஸ்கோபியும் திசுப் பரிசோதனையும் செய்தாக வேண்டும். இதைத் தள்ளிப்போடுவதில் எந்த லாபமும் இல்லை.

அல்சரேட்டிவ் கொலைடிஸின் உடன்பிறப்பு குரோன் நோய். 1932இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவர் சேர்ந்து இதை விவரித்தார்கள். பெயர் ஒருவருக்கு மட்டும் வாய்த்தது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் இது வரலாம் என்றாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடமே இதற்குப் பிடித்த இடம். அடிவயிற்றின் வலப்பக்கம் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், எடைக் குறைவு, சில வேளை ஆசனவாய்க்குப் பக்கத்தில் பவுத்திரம். அல்சரேட்டிவ் கொலைடிஸ் குடலின் உள்சுவரோடு நின்றுவிடும். குரோன் சுவரின் முழுத் தடிமனையும் தாக்குவதால் குடல் சுருங்கி அடைப்பு வரலாம், துளைத்துக்கொண்டு பக்கத்து உறுப்புக்கும் போகலாம்.

இரண்டையும் பணக்கார மேலைநாடுகளின் நோய் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். லூதியானா மருத்துவர்கள் பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்து 2003இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பை அசைத்தது. லட்சம் பேருக்கு 44.3 பேர் அல்சரேட்டிவ் கொலைடிஸோடு இருந்தார்கள்.

காசநோயா, குரோனா?

இந்தியாவில் குரோன் நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. குடல் காசநோயும் அதே இடத்தில்தான் வரும், அதே வலியையும் காய்ச்சலையும் கொடுக்கும், கொலோனோஸ்கோபியிலும் ஏறக்குறைய அதே புண்களைக் காட்டும். தவறாகக் கணித்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. காசநோயாளிக்குக் குரோன் மருந்து கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி அடங்கி, கிருமி உடலெங்கும் பரவும். குரோன் நோயாளிக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தால் அதற்குள் குடல் சுருங்கிவிடும்.

பவுத்திரம், நீண்டகால ரத்தப்போக்கு, நடுநடுவே நல்ல இடம் விட்டுவிட்டுத் தோன்றும் நீளவாட்டுப் புண்கள் ஆகியவை குரோன் பக்கம் சாயும். வயிற்றில் நீர் கோத்திருப்பது, நுரையீரலில் தழும்பு, மாலைக் காய்ச்சல், குறுக்குவாட்டுப் புண்கள் ஆகியவை காசநோய்ப் பக்கம் சாயும். திசுவில் கிருமியைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை கிருமியைக் காட்டினால் முடிவு சொல்லிவிடலாம். ஆனால் குடலில் கிருமிகள் குறைவு என்பதால் பல காசநோயாளிகளிடம் அது எதையும் காட்டாது. எனவே ‘நெகட்டிவ்’ என்ற முடிவை வைத்து மட்டும் காசநோய் இல்லையென்று நிம்மதி அடைய முடியாது.

முடிவு தெரியாதபோது மருத்துவர்கள் காசநோய் மருந்தையே சோதனையாகத் தொடங்குவதுண்டு. அப்படித் தொடங்கினால் நோயாளியும் குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “மறுபடி கொலோனோஸ்கோபி எப்போது?” மருந்து தொடங்கியதும் வலி குறைவது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் குரோன் நோயாளிகள் சிலருக்கும் ஆரம்பத்தில் அப்படிக் குறையும். புண் ஆறியிருக்கிறதா என்பதுதான் அத்தாட்சி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இதில் ஆண்டுக்கணக்கில் செய்த வேலையின் பயனாக, இரண்டு மூன்று மாதத்திலேயே குடலைத் திரும்பப் பார்க்கும் வழக்கம் வலுப்பட்டிருக்கிறது. புண் ஆறியிருந்தால் காசநோய் மருந்தை ஆறு மாதம் முடித்துவிடலாம். ஆறவில்லையென்றால் கணிப்பைத் திரும்ப எடைபோட வேண்டும். பேசாமல் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று நீட்டக் கூடாது.

புண் ஆறும்வரை

முன்பெல்லாம் நோயாளி வலி இல்லை, ரத்தம் இல்லை என்றால் மருத்துவரும் திருப்திப்பட்டார். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்த அளவுகோலே மாறிவிட்டது. அறிகுறிகள் அடங்கியவர்கள் பலருக்கு உள்ளே புண் அப்படியே இருப்பதும், மறுபடி நோய் சீறுவதும், சுருக்கமும் அறுவையும் வருவதும் அந்தப் புண்ணிலிருந்துதான் என்பதும் தெளிவானது. 2015இல் வெளியாகி 2021இல் புதுப்பிக்கப்பட்ட ‘ஸ்ட்ரைட்’ என்ற சர்வதேசப் பரிந்துரைகள், அறிகுறி அடங்குவதை முதல் படியாகவும் உள்சுவர் ஆறுவதை நீண்டகால இலக்காகவும் வைக்கின்றன.

அடிக்கடி கொலோனோஸ்கோபி செய்துகொள்ள யாராலும் முடியாது. அதற்குத்தான் மலத்தில் கால்புரோடெக்டின் சோதனை. அழற்சி உள்ள இடத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்கள் விட்டுச்செல்லும் புரதம் இது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 250ஐத் தாண்டினால் உள்ளே அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சாதாரண வயிற்றுத் தொற்றிலும், வலிமாத்திரை சாப்பிட்டாலும் இந்த எண் ஏறும். அதனால் ஒற்றை எண்ணைக் கண்டு கலங்காமல், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது நல்லது. முடிவுகளைத் தேதியோடு ஒரே நோட்டில் எழுதிவைக்கும் நோயாளி தன் மருத்துவருக்குப் பெரிய உதவி செய்கிறார்.

இந்த எண்களைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் பலன் உண்டா? 2017இல் வெளியான ‘காம்’ ஆய்வில் 244 குரோன் நோயாளிகள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவில் பெரும்பாலும் அறிகுறிகளைப் பார்த்து மருந்து கூட்டப்பட்டது. மற்றதில் கால்புரோடெக்டினும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் ஏறினாலே கூட்டப்பட்டது. 48 வாரத்தில் புண் ஆறியவர்கள் முதல் குழுவில் 30 சதவீதம், இரண்டாவதில் 46 சதவீதம். மருந்து இரண்டிலும் ஒன்றேதான், கவனிப்புதான் வேறு.

இதைவிடப் பெரிய திருப்பம் 2024இல் வந்தது. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் குழு நடத்திய ‘புரொஃபைல்’ ஆய்வில் புதிதாகக் குரோன் கண்டறியப்பட்ட 386 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கப்படி படிப்படியாக மருந்து ஏற்றப்பட்டது. மீதிப் பேருக்கு ஆரம்பத்திலேயே இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையும் சேர்த்துத் தரப்பட்டன. ஓர் ஆண்டுவரை மறுபடி ஸ்டீராய்டு தேவைப்படாமல், அறுவை இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள் முதல் குழுவில் 15 சதவீதம். இரண்டாவதில் 79 சதவீதம். யாருக்கு நோய் கடுமையாகும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தச் சோதனை ஒன்றைப் பரிசோதிக்கத்தான் அந்த ஆய்வு தொடங்கப்பட்டது. அந்தச் சோதனை பயன் தரவில்லை. ஆனால் காத்திருப்பதுதான் நோயாளிக்கு நஷ்டம் என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

நம் ஊரில் இதை அப்படியே பின்பற்றுமுன் காசநோய் இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் ஆகிய இரண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுப்பவை. உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுவர் கட்டி அடைத்துவைப்பதில் அந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் உறங்கும் காசநோய்க்கான சோதனையும் எடுக்காமல் யாரும் சம்மதிக்கக் கூடாது. மஞ்சள் காமாலை பி வைரஸ், எச்ஐவி சோதனைகளும் அதோடு சேர்ந்தவை.

மருந்துகளோடு வாழ்வது

ஸ்டீராய்டு நெருக்கடியில் கைகொடுக்கும் மருந்து. சில நாளில் ரத்தம் நிற்கும், பசி திரும்பும். அந்த நிம்மதியே பொறியாகிவிடுகிறது. நோய் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டித் தாங்களாகவே பிரெட்னிசலோன் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், தொற்று வரும். குரோனில் புண்ணை ஆற வைக்கும் திறனும் அதற்கு இல்லை. ஓர் ஆண்டில் இரண்டாவது முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டால், தற்போதைய சிகிச்சை போதவில்லை என்றுதான் அர்த்தம். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

அல்சரேட்டிவ் கொலைடிஸின் மிதமான கட்டத்தில் மெசலமைன் இன்றும் முதல் மருந்து. மாத்திரையோடு ஆசனவாய் வழி எனிமாவும் சேர்ந்தால் மாத்திரை மட்டும் எடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. கூச்சத்தால் எனிமாவை விட்டுவிடுகிறவர்கள் பாதிச் சிகிச்சையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

விலை மலிவான அசத்தியாப்ரின் நம் நாட்டில் நிறையப் பேருக்கு ஆதாரம். தொடங்குமுன் மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். என்யுடிடி15 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் ஒன்று இந்த மருந்தை நஞ்சாக்கி வெள்ளணுக்களைச் சரித்துவிடும் என்று 2014இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரிடம் இது அரிது. இந்தியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இருக்கிறது. மேலைநாட்டு வழிகாட்டுதல்கள் நெடுநாள் வேறொரு மரபணுவையே சோதிக்கச் சொல்லிவந்தன. நமக்கு அதைவிட இதுவே முக்கியம். சோதனை வசதி இல்லாத ஊரில், முதல் இரண்டு மாதம் அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பது கட்டாயம். மருந்து தொடங்கிய சில வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டினால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். யூரிக் அமிலத்துக்கு அலோபுரினால் எடுப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் விபரீதம்.

1998இல் அமெரிக்காவில் இன்ஃப்ளிக்ஸிமாப் அனுமதி பெற்றபோது வேறு உயிரியல் மருந்து இந்தக் குடல் நோய்களுக்கு இல்லை. இன்று குடலை மட்டும் குறிவைக்கும் வெடோலிசுமாப், வேறு அழற்சிப் பாதைகளைத் தடுக்கும் உஸ்டெகினுமாப், ரிசங்கிசுமாப், மாத்திரையாகவே விழுங்கும் டோஃபாசிட்டினிப், உபாடாசிட்டினிப் என்று பட்டியல் நீண்டுவிட்டது. செலவுதான் சுவர். அடலிமுமாபின் நகல் மருந்தை உலகிலேயே முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது 2014இல் ஓர் இந்திய நிறுவனம். டோஃபாசிட்டினிப் இங்கே உள்ளூர்த் தயாரிப்பாகவே கிடைக்கிறது. நகல் என்றால் போலி என்ற பயம் வேண்டாம். அசல் மருந்திலிருந்து நகலுக்கு மாறியவர்களை நார்வேயில் பின்தொடர்ந்த ஆய்வு, அவர்கள் பின்தங்கவில்லை என்று 2017இல் காட்டியது. டோஃபாசிட்டினிப் எடுப்பவர்களுக்கு அக்கி வர வாய்ப்பு அதிகம். வயதானவர், புகைப்பவர், இதய நோயாளி என்றால் ரத்தக் கட்டி ஆபத்தையும் எடைபோட வேண்டும்.

மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தவிர்த்துப் பாரசிட்டமாலோடு நிற்பது நல்லது. குரோன் உள்ளவர் சிகரெட்டை விடுவது ஒரு மருந்துக்குச் சமம்.

தட்டில் என்ன இருக்கலாம்

மஞ்சளைப் பற்றிக் கேட்காத நோயாளி இல்லை. 2015இல் வெளியான ஆய்வில், மெசலமைன் எடுத்தும் நோய் அடங்காத 50 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 3 கிராம் குர்க்குமின் தரப்பட்டது. நான்கு வாரத்தில் அவர்களில் பாதிக்குச் சற்று மேல் நோய் அடங்கியது. வெற்று மாத்திரை எடுத்த குழுவில் ஒருவருக்கும் அடங்கவில்லை. ஆனால் எய்ம்ஸில் தினம் 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. மஞ்சள் தூளில் குர்க்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். 3 கிராம் குர்க்குமினுக்கு 100 கிராம் தூள் வேண்டும். சாம்பாரில் போடும் மஞ்சள் ருசிக்கு ஆகும், சிகிச்சைக்கு ஆகாது. மிளகுச் சத்து சேர்த்து விற்கும் குர்க்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. சொந்த முடிவில் வாங்கக் கூடாது.

உணவையும் குடல் நுண்ணுயிர்களையும் சேர்த்து யோசித்த நல்ல ஆய்வு ஒன்று எய்ம்ஸிலிருந்து 2022இல் வந்தது. மிதமான அல்சரேட்டிவ் கொலைடிஸ் உள்ள 66 பேர். ஒரு குழுவுக்குக் கிராமப்புறத்து ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்கள் குடலில் சேர்க்கப்பட்டு, அழற்சியைத் தணிக்கும் உணவுமுறையும் தரப்பட்டது. எட்டு வாரத்தில் 60 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. வழக்கமான மருந்துக் குழுவில் 32. பிறகு உணவுமுறையை மட்டும் தொடர்ந்தவர்களில் 25 சதவீதத்தினர் 48ஆவது வாரத்தில் புண்ணும் ஆறிய நிலையில் இருந்தார்கள். மற்றதில் யாரும் இல்லை. நுண்ணுயிர் மாற்றம் ஆய்வு மையங்களில்தான் செய்யத்தக்கது. உணவில் பாக்கெட் தின்பண்டங்களையும் பதப்படுத்திய இறைச்சியையும் குறைப்பது எந்த வீட்டிலும் ஆகக்கூடியது.

பழைய சோறு பற்றியும் ஆய்வு நடக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி அதைக் கையில் எடுத்தது. அதற்கு முன்னோடியாக ஒரு வேலூர்க் கதை உண்டு. 2000இல் சிஎம்சி மருத்துவர்கள் காலரா நோயாளிகளின் உப்புசர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத மாவுப்பொருளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. அந்த மாவைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து, குடல் சுவருக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கியதே காரணம். சோறு ஆறும்போதும் அதில் இத்தகைய மாவு கொஞ்சம் கூடும். ஒத்துக்கொண்டால் பழைய சோறு தாராளமாகச் சாப்பிடலாம். அதை நம்பி மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் சுத்தமான தண்ணீர், ஓரிரவுக்கு மேல் வைக்காத சோறு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குடல் சுருக்கம் உள்ளவர்கள் முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், கரும்பு போன்றவற்றைத் தள்ளிவைக்க வேண்டும். அடைப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

பிள்ளைப்பேறும் பிசிஜியும்

நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பதே தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. கர்ப்பத்தில் உயிரியல் ஊசிகளைத் தொடர்ந்ததால் பிறவிக் குறை கூடவில்லை என்று அமெரிக்காவின் ‘பியானோ’ பதிவேடு 2021இல் தெரிவித்தது. பயந்து ஊசியை நிறுத்தி, நோய் சீறவிடுவதுதான் பெரிய ஆபத்து. மெத்தோட்ரெக்ஸேட்டைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்தியாக வேண்டும். டோஃபாசிட்டினிப் வகை மாத்திரைகளும் கூடாது. சல்ஃபாசலசின் ஆண்களின் விந்தணுவைத் தற்காலிகமாகக் குறைக்கும். மருந்தை மாற்றினால் சரியாகும்.

நம் நாட்டில் மறக்கவே கூடாத விஷயம், பிறந்த அன்றே போடும் பிசிஜி தடுப்பூசி. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. டிஎன்எஃப் தடுப்பு ஊசி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குள் போய் மாதக்கணக்கில் தங்கும். பிரிட்டனில் இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த தாயின் குழந்தை, பிசிஜி போட்ட பின் அந்தக் கிருமி உடலெங்கும் பரவி இறந்தது. 2010இல் அது மருத்துவ இதழில் பதிவானது. அப்படிப்பட்ட தாய்மார்களின் குழந்தைக்குப் பிசிஜியைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிவைக்க வேண்டும். ஒரு வருடம் என்று சொல்லும் வழிகாட்டுதல்களும் உண்டு. பிரசவ வார்டில் ஊசி வழக்கப்படி தானாகவே போடப்பட்டுவிடும். அதனால் ஏழாம் மாதத்திலேயே மகப்பேறு மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் சொல்லி, கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிவைக்க வேண்டும். போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஒரு நாளில் ஆறு முறை ரத்தமாகப் போனால்

அல்சரேட்டிவ் கொலைடிஸ் உள்ளவருக்கு ஒரே நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தமாகப் போய், அதோடு காய்ச்சல் 100 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 90க்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், இஎஸ்ஆர் 30க்கு மேல் என்ற நான்கில் ஒன்று சேர்ந்தாலும் அது மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை. ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவும் விட்ஸும் 1955இல் வகுத்த இந்த அளவுகோல் இன்றும் நிற்கிறது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைட் அப்போது கூடவே கூடாது, குடல் ஊதிக்கொள்ளும்.

வார்டில் நரம்பு வழி ஸ்டீராய்டு தொடங்குவார்கள். ரத்தம் போகும் நோயாளிக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போடுவதைப் பார்த்துச் சொந்தபந்தங்கள் திகைக்கலாம். இந்த நோயில் கால் நரம்பிலும் நுரையீரலிலும் ரத்தம் கட்டும் ஆபத்து மிகுதி. அந்த ஊசி அவசியம். மூன்றாம் நாள்தான் தீர்ப்பு நாள். அன்றும் எட்டு முறைக்கு மேல் போனாலோ, மூன்று முதல் எட்டு முறை போய்ச் சிஆர்பி 45க்கு மேல் நின்றாலோ ஸ்டீராய்டு மட்டும் போதாது. அடுத்த மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். லூதியானாவில் 104 பேரை வைத்து நடத்தி 2024இல் வெளியிட்ட ‘டாக்கோஸ்’ ஆய்வு இதில் நம் நாட்டின் பங்களிப்பு. ஸ்டீராய்டோடு டோஃபாசிட்டினிப் மாத்திரையையும் சேர்த்தபோது ஏழாம் நாளில் 83 சதவீதத்தினர் தேறினார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் 59. பல ஆயிரம் செலவாகும் ஊசிக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு இது பெரிய செய்தி.

மருந்து எதற்கும் குடல் இணங்காவிட்டால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. உயிரிழப்பு பெரும்பாலும் தாமதத்தால் நேர்கிறது. அதனால் சேர்ந்த முதல் சில நாளிலேயே அறுவை மருத்துவரும் நோயாளியைப் பார்த்துப் பேசிவைப்பது முறை. பெருங்குடலை நீக்கி, முதலில் வயிற்றில் தற்காலிகப் பை வைப்பார்கள். உடல் தேறிய பிறகு சிறுகுடலின் நுனியையே மடித்து உள்ளே ஒரு பை செய்து ஆசனவாயோடு இணைப்பார்கள். லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978இல் வெளியிட்ட முறை இது. அதன்பின் நாளுக்கு நான்கு முதல் ஏழு முறை மலம் போகும், ஆனால் ரத்தமும் அந்த அடக்க முடியாத அவசரமும் பெரும்பாலோருக்கு இருக்காது. வேலைக்குப் போகலாம், பேருந்தில் ஏறலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். பெண்களுக்கு இந்த அறுவைக்குப் பின் கருத்தரிப்பு சற்றுக் கடினமாகலாம் என்பதால், அதைப் பற்றி அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.